பாதாள ரெயிலுக்குப் பணம் திரட்டிய வக்கீல்

உலகத்திலேயே முதன் முதலாகப் பூமிக்கு அடியில் பயணிகள் ரெயில் ஓடிய நகரம் லண்டன். ஓடிய ஆண்டு 1863. சுரங்கத்தைக் கட்டியவர்கள் என்ஜினீயர்கள். ஆனால் கடப்பாரை விழுவதற்கு முன் 15 ஆண்டு காலம் பேசிப் பேசி, ஊர் சிரித்ததையும் பொறுத்துக்கொண்டு, பணத்துக்கு வழி செய்தவர் ஒரு வக்கீல். அவர்தான் சார்லஸ் பியர்சன்.

பியர்சன் 1793-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தகப்பனார் மெத்தை வியாபாரி. மகன் சட்டம் படித்து வக்கீலானார். 1817-ல் அவருக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி மேரி மார்த்தா நல்ல ஓவியர். ஒரே மகள்.

அநியாயத்தைக் கண்டால் பியர்சனால் சும்மா இருக்க முடியாது. 1666-ல் லண்டன் தீப்பற்றி எரிந்ததற்குக் கத்தோலிக்கர்களே காரணம் என்று பழி சுமத்தும் வாசகம் ஒன்று நகரின் நினைவுத் தூணில் பொறிக்கப்பட்டிருந்தது. அதை அகற்றப் பாடுபட்டவர்களில் அவர் ஒருவர். யூதர்கள் நகரில் தரகுத் தொழில் செய்ய இருந்த தடையையும் எதிர்த்தார். 1839-ல் லண்டன் நகர சபையின் வக்கீலாக நியமனம் பெற்றார். சாகும் வரை அந்தப் பதவியில் இருந்தார்.

நடந்து வந்த 2 லட்சம் பேர்

அப்போது லண்டன் நாளுக்கு நாள் பெருத்து வந்தது. 1851-ல் ஜனத்தொகை 23 லட்சத்துக்கு மேல். வெளியூர் ரெயில்களெல்லாம் நகரின் ஓரத்திலேயே நின்றுவிடும். இறங்கியவர்கள் குதிரை வண்டி பிடித்து உள்ளே போகவேண்டும். தெருவில் வண்டியோடு வண்டி மோதும். நடக்கவும் இடம் இராது.

பியர்சன் வெறும் வாயால் வாதாடவில்லை. நகருக்குள் வருகிறவர்களைக் கணக்கெடுக்கச் செய்தார். தினம் சுமார் 2 லட்சம் பேர் கால்நடையாகவே வருகிறார்கள் என்று தெரிந்தது!

தொழிலாளிக்கு வண்டிக் கூலி கொடுக்க முடியாது. ஆகவே வேலைக்குப் பக்கத்திலேயே, காற்றும் வெளிச்சமும் இல்லாத சந்துகளில், ஓர் அறைக்குள் ஒரு குடும்பமாக அடைந்து கிடந்தான். குறைந்த கட்டணத்தில் ரெயில் விட்டால் அவனும் ஊருக்கு வெளியே தோட்டத்தோடு கூடிய வீட்டில் குடியிருக்கலாமே என்று பியர்சன் நினைத்தார்.

1845-ல் அவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பிளீட் என்ற பள்ளத்தாக்கின் வழியாக பாரிங்டன் வரை பூமிக்கு அடியில் ரெயில் விடலாம் என்பது யோசனை. பத்திரிகைகள் கேலி செய்தன. 1846-ல் சர்க்கார் கமிஷனும் அவர் திட்டத்தைத் தள்ளிவிட்டது.

பணம் எங்கே?

1854-ல் ஒரு வழியாகப் பார்லிமெண்டின் அனுமதி கிடைத்தது. கூடவே வந்தது கஷ்டகாலம். அந்த ஆண்டு பிரிட்டன் ருஷியாவுடன் கிரிமியா யுத்தத்தில் இறங்கியது. பணம் வைத்திருந்தவர்கள் பையை இறுக்கி முடிந்துகொண்டார்கள். திட்டத்துக்கு வேண்டியதோ சுமார் 10 லட்சம் பவுன். கிரேட் வெஸ்டர்ன் ரெயில்வே கம்பெனி 1 லட்சத்து 75 ஆயிரம் பவுன் தர ஒப்புக்கொண்டது. அது போதவில்லை. கம்பெனியையே கலைத்துவிடலாமா என்ற நிலை வந்துவிட்டது.

இங்கேதான் வக்கீல் மூளை வேலை செய்தது. பிளீட் பள்ளத்தாக்கில் நகர சபை குடிசைகளை இடித்துப் போட்ட நிலம் விலை போகாமல் கிடந்தது. அந்த நிலத்தை ரெயில் கம்பெனி 1 லட்சத்து 79 ஆயிரம் பவுனுக்கு வாங்கட்டும்; நகர சபை 2 லட்சம் பவுனுக்குக் கம்பெனியின் பங்குகளை வாங்கட்டும் என்று ஏற்பாடு செய்தார். சபைக்கு நிலம் விற்றது. கம்பெனிக்கு முதல் கிடைத்தது. நகர சபையே பங்கு வாங்கிய பிறகு மற்றவர்களுக்கும் தைரியம் பிறந்தது.

1860-ல் வேலை தொடங்கியது. ஜான் பவுலர் தலைமை என்ஜினீயர். ரோட்டைத் தோண்டி, இரு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி மூடினார்கள். 1862 ஜூனில் பிளீட் சாக்கடை உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது. அதையும் சமாளித்தார்கள்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஏழைகளின் நன்மைக்கு என்று எண்ணிய இந்த வேலைகளுக்காக இடிபட்டவையும் ஏழைகளின் வீடுகள்தான். வார வாடகைக்குக் குடியிருந்தவர்கள் நஷ்ட ஈடு இல்லாமல் மூட்டை முடிச்சுடன் பக்கத்துச் சந்துகளில் போய் நெருக்கிக்கொண்டார்கள். பியர்சன் நினைத்த தோட்ட வீடுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

செய்த உதவிக்காக ரெயில் கம்பெனி பியர்சனுக்குச் சன்மானம் தர முன்வந்தது. தாம் நகர சபையின் ஊழியர், கொடுப்பதானால் சபைக்கே கொடுங்கள் என்று மறுத்துவிட்டார்.

1862 செப்டம்பர் 14-ந் தேதி பியர்சன் காலமானார். அடுத்த நான்கே மாதத்தில், 1863 ஜனவரி 10-ந் தேதி, பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரை சுமார் 6 கிலோ மீட்டர் தூரத்துக்கு ரெயில் ஓடியது. முதல் நாளே 38 ஆயிரம் பேர் ஏறினார்கள். உள்ளே புகை, ஆனாலும் கூட்டம் குறையவில்லை. ஓராண்டில் 95 லட்சம் பேர் பயணம் செய்தார்கள்.

பியர்சன் வாங்க மறுத்த கம்பெனி, அவருடைய விதவை மனைவிக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. நகர சபை தன் பங்குகளைப் பின்னால் லாபத்துக்கு விற்றது.

1864-ல் தொழிலாளர்களுக்கென்றே விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தனி ரெயில் விடப்பட்டது. மற்ற ரெயில்களில் மூன்றாம் வகுப்பில் ஒரு தடவை போகவே 3 பென்னி. இதில் போய்த் திரும்பவும் சேர்த்து 3 பென்னி.