நண்பரின் மறைவில் எழுந்த போர்க்கால இசை: ஷோஸ்டகோவிச்சின் வாழ்க்கை

ரஷிய இசையமைப்பாளர் திமித்ரி ஷோஸ்டகோவிச், 1906 செப்டம்பர் 25-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். 19 வயதில் அரங்கேறிய முதல் சிம்பொனி அவருக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. இசை அறிஞர் இவான் சொலெர்தின்ஸ்கி அவருடைய உற்ற நண்பராக விளங்கினார்.

இரண்டாம் உலகப் போர் இருவரையும் பிரித்தது. லெனின்கிராடு முற்றுகைக்கு உள்ளானபோது, ஷோஸ்டகோவிச் குய்பிஷெவ் நகருக்கும், சொலெர்தின்ஸ்கி சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகருக்கும் இடம்பெயர்ந்தனர். 1944 ஜனவரி 27-இல் முற்றுகை முடிவுக்கு வந்தது. ஆனால், ஊர் திரும்பாமலேயே பிப்ரவரி 11-இல் சொலெர்தின்ஸ்கி தனது 41-ஆவது வயதில் காலமானார்.

அப்போது பியானோ, வயலின், செல்லோ ஆகிய மூன்று கருவிகளுக்கான படைப்பொன்றை ஷோஸ்டகோவிச் எழுதிக்கொண்டிருந்தார். அதனை நண்பரின் நினைவுக்கு அர்ப்பணித்தார். தாழ்ந்த குரலுடைய செல்லோ, வழக்கத்துக்கு மாறாக, வயலினைவிட உயர்ந்த சுரத்தில் மெல்ல ஒலித்துப் படைப்பைத் தொடங்கிவைக்கிறது. யூதர்களை நாஜிக்கள் கொன்று குவித்த அக்காலத்தில் எழுதப்பட்ட இறுதிப் பகுதியில், யூத நடன மெட்டு ஒன்று படிப்படியாகத் துயர ஓலமாகிறது.

அவ்வாண்டு நவம்பர் 14-இல் லெனின்கிராடில் இது அரங்கேறியபோது பியானோவை அவரே வாசித்தார். 1948-இல் சோவியத் அரசின் கண்டனத்துக்கு உள்ளாகிப் பேராசிரியர் பணியை இழந்தபோதும், அவர் இசையைக் கைவிடவில்லை. அதே யூத மெட்டை 1960-இல் தனது எட்டாவது நால்வர் இசையில் மீண்டும் ஒலிக்கச் செய்தார். 1975 ஆகஸ்ட் 9-இல் மாஸ்கோவில் மறைந்தார்.