தொண்டை நோவிலிருந்து இருதயம் வரை: ரெபேக்கா லான்ஸ்பீல்டின் தேடல்

முதலாம் உலகப் போர்க் காலம். அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநில இராணுவ முகாம்களில், போர்முனையைக் காணாமலே இளம் சிப்பாய்கள் இறந்துகொண்டிருந்தார்கள். நெருக்கமாகப் படுத்துறங்கிய கொட்டில்களில் சின்னமுத்து பரவியது. அதன் பின்னால் வந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியா நுரையீரலைத் தாக்கியது.

அந்த முகாம்களில் எடுத்த 125 பக்டீரியா மாதிரிகள் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவகத்துக்கு வந்தன. 1918 இல் அங்கு ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்த ரெபேக்கா லான்ஸ்பீல்டுக்கு வயது 23. எல்லாம் ஒரே கிருமி அல்ல, அதில் பல வகைகள் உண்டு என்று அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையில் மூத்த விஞ்ஞானிகளோடு அவரது பெயரும் இருந்தது.

1922 முதல் அவர் தேடியது வாதக்காய்ச்சலின் காரணத்தை. பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கும், காய்ச்சல் வரும், பிறகு மாறிவிடும். ஆனால் இருதய வால்வில் விழுந்த தழும்பு மாறாது. அந்நாளில் பலர் சந்தேகித்த பச்சை வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இதற்குக் காரணமில்லை என்று அவர் காட்டினார். 1933 இல் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிகளை எழுத்துகளால் குழுக்களாகப் பிரித்தார். மனிதரின் தொண்டையில் நோயுண்டாக்குவது பெரும்பாலும் 'ஏ' குழு. வாதக்காய்ச்சலுக்கு முன்னோடியும் அதுவே.

அந்தக் கிருமியின் மேற்பரப்பிலுள்ள 'எம்' புரதத்தை இனங்கண்டவரும் அவர்தான். வெண்குருதிக் கலங்கள் கிருமியை விழுங்காமல் தடுப்பது இந்தப் புரதம். அது இருதயத்தின் சில புரதங்களை ஒத்திருப்பதைப் பிறர் பின்னாளில் கண்டறிந்தார்கள். அதனால்தான் கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகள் சிலரில் சொந்த வால்வையே தாக்குகின்றன. ஒரு வகைக்கு எதிராகக் கிடைக்கும் பாதுகாப்பு இன்னொரு வகைக்கு உதவாது என்பதும் லான்ஸ்பீல்டின் கண்டுபிடிப்பு. நோய் திரும்பத் திரும்ப வருவதற்கும், வால்வு ஒவ்வொரு முறையும் மேலும் பழுதாவதற்கும் இதுவே காரணம்.

இடப்பெயர்வுக் காலத்தில் என்னோடு படித்த ஒருத்திக்கு மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டார்கள். மூட்டு நோ மாறிய பிறகும் ஏன் அந்த ஊசி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லான்ஸ்பீல்டைப் படித்தபோதுதான் விளங்கியது. அடுத்த தொற்று வராமல் மறித்தால் வால்வு தப்பும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் படுத்துறங்கிய எங்களுக்கு, ரெக்ஸாஸ் கொட்டில்கள் அந்நியமானவை அல்ல.

1943 இல் அமெரிக்க பக்டீரியாவியலாளர் சங்கத்தின் தலைவரானார் லான்ஸ்பீல்ட். 1961 இல் நிர்ப்பீடனவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் அவரே. 1980 இன் இறுதியில் இடுப்பெலும்பு முறியும்வரை ஆய்வுகூடத்துக்குப் போய்வந்தார். 1981 மார்ச் 3 ஆம் திகதி, 86 வயதில் காலமானார்.

இந்த நோய்க்கான தடுப்பூசி இன்னும் பாவனைக்கு வரவில்லை. எல்லாத் தொண்டை நோவும் இந்தக் கிருமியால் வருவதுமில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை நோவென்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். தந்த மருந்தை, சுகம் வந்துவிட்டதென்று இடையில் நிறுத்தாதீர்கள். மாத ஊசி எழுதப்பட்ட பிள்ளையென்றால் ஒரு மாதமும் தவறவிடாதீர்கள்.