இரண்டே வருடத்தில் நர்ஸ்

டிப்ளமோ முடித்து நம்ம கல்லூரிக்கு வந்தவர்களை முதலில் இளக்காரமாப் பார்த்தவன் நான். மில்ட்ரெட் மான்டாக் அம்மையாரைப் பற்றிப் படித்ததும் வெட்கமாப் போச்சு.

1908-இல் அமெரிக்காவில் பிறந்து நர்ஸ் ஆனவர். அந்தக் காலத்தில் அங்கே நர்ஸ் படிப்பென்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம். பாடத்தைவிட வார்டு வேலைதான் ஜாஸ்தி. மாணவிகள் படிக்கத்தான் வரணும், சமுதாயக் கல்லூரியில் இரண்டே வருடம் போதும் என்று 1951-இல் புத்தகம் எழுதினார். 1952-இல் ஏழு கல்லூரிகளிலும் ஓர் ஆஸ்பத்திரியிலும் சோதனை ஆரம்பம். குறுக்குவழி என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் பழைய முறையில் படித்தவர்கள் எழுதிய அதே பதிவுத் தேர்வை எழுதி, பெரும்பாலோர் பாஸ்! 2004-இல் அவர் மறைந்தார். அந்தப் படிப்பு இன்றும் நடக்கிறது.

வருடத்தை எண்ணி ஆளை எடை போடலாமா, சொல்லுங்க?