கொல்லிமலையில் பிறந்து முகங்களை மீட்டுத் தந்த டாக்டர் பால் பிராண்ட்

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய அதே 1929-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டின் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். மலைவாழ் மக்களுக்கு மருந்தும் படிப்பும் கொண்டுபோனவர் அவர். அவருடைய மகன் பாலுக்கு அப்போது 14 வயது. படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்ததால் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை.

பால் பிராண்ட் 1914 ஜூலை 17-இல் கொல்லிமலையில் பிறந்தவர்.  மலாயாத் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த நம் முன்னோர் பலருக்கும் பூர்வீகம் அந்தச் சுற்றுவட்டாரம்தான். ஒன்பது வயது வரை அந்த மலையில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை, இங்கிலாந்து போனதும் உடனே மருத்துவம் படிக்கவில்லை. கொத்து வேலை, தச்சு வேலை என்று கட்டடத் தொழிலைத்தான் முதலில் கற்றார். பிறகுதான் லண்டனில் மருத்துவப் படிப்பு, உலகப் போரின் குண்டுவீச்சுக்கு நடுவே அறுவைச் சிகிச்சைப் பயிற்சி. 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்தில் டாக்டர் ராபர்ட் கோக்ரேனைச் சந்தித்ததுதான் அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. அக்காலத்தில் தொழுநோய் என்றாலே ஊரை விட்டு விலக்கம். மலாயாவிலும் அதே கதைதான். 1930-இல் சுங்கை பூலோவில் பெரிய தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கே கொண்டுபோகப்பட்டவர் குடும்பத்தை விட்டே பிரிந்துவிடுவார். சல்போன் மருந்துகள் வந்து கிருமி அடங்கிய பின்னும் நிலைமை உடனே மாறவில்லை. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னாலும், மடங்கிய விரல்களும் அமுங்கிய மூக்கும் வேறு சொல்லும். ஊர் எதை நம்பும்?

பிராண்ட் முதலில் கையைத்தான் எடுத்துக்கொண்டார். செயலிழந்த தசைக்குப் பதில் நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தினார். தொழுநோயில் சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயமும் சூடும்தான் விரல்களைத் தின்கின்றன என்று காட்டியதும் அவரே. ஆனால் கை சீரான சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டனர். கை நன்றாக இருப்பதால் பிச்சையும் விழவில்லையாம், முகத்தைப் பார்த்து வேலையும் யாரும் தரவில்லையாம்! அதன் பிறகு இரண்டு காரியங்கள் நடந்தன. 1951-இல் நவஜீவ நிலையம் தொடங்கி, தாம் கற்ற தச்சுத் தொழிலை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். முகத்தையும் சரிசெய்ய இறங்கினார்.

தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பாகங்களே பிடிக்கும். (கேமரன் மலைக் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நம் உடம்புக்குள் இருக்கும் சூட்டு வித்தியாசம்தான்.) மூச்சுக்காற்று பட்டுக் குளிரும் மூக்கின் உள்பக்கம் அதற்கு வசதியான இடம். உள்தோல் புண்ணாகிச் சுருங்கும், மூக்குத் தண்டு கரையும், மூக்கு உள்ளே இழுக்கப்பட்டுவிடும். நெற்றித் தோலை மடக்கிப் புது மூக்கு வைப்பது இந்தியாவின் பழைய வித்தை. 1794-இலேயே லண்டன் பத்திரிகை ஒன்று படத்துடன் வெளியிட்டு வியந்த வித்தை அது. ஆனால் தொழுநோயில் வெளித்தோல் அப்படியே இருக்கிறது, கெட்டது உள்ளேதான். ஆகவே மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வாய்க்குள் அறுத்து, சுருங்கிய தோலை விடுவித்து, உள்ளே மெல்லிய தோலை ஒட்டினார்கள். அது மறுபடி சுருங்காமலிருக்க, பல் மருத்துவத்தில் அச்செடுப்பதுபோல் ஓர் அச்சைச் செய்து உள்ளே தாங்கலாக வைத்தார்கள். சர் ஹெரால்ட் கில்லீஸ் உருவாக்கிய முறையிலிருந்து வந்தது இது. வெளியே தழும்பு தெரியாது. ஊராருக்குத் தெரியாமல் சரிசெய்ய வேண்டிய முகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

புருவம் உதிர்வதும் இந்த நோயின் அடையாளம். புருவமில்லாத முகத்தைக் கண்டதும் ஊர் ஒதுங்கும். தலைமயிரோடு ஒரு துண்டுத் தோலை, அதன் ரத்தக் குழாய் அறுபடாமல், நெற்றித் தோலுக்கடியில் நுழைத்துப் புருவத்தில் பொருத்தினார் பிராண்ட். தலைமுடி ஆயிற்றே, வெட்டாவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். புருவம் கிடைத்த பெருமையில் சிலர் அதைக் கத்தரிக்காமல் நீளமாக விட்டுக்கொண்டு திரிந்தார்களாம்.

இமை மூடாதவர்களுக்கு, மெல்லப் பயன்படும் பொட்டுப்பக்கத் தசையின் ஒரு பகுதியை இமைக்குக் கொண்டுவந்தார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும். பேச்சுக்கு நடுவேயும் அடிக்கடி பல்லைக் கடிக்கப் பழக வேண்டும், மறந்தால் கண் காய்ந்து பார்வை போகும். கண் விஷயத்தில் பெரும் பங்கு, கண் மருத்துவரான அவர் மனைவி மார்கரெட்டுடையது. பிராண்டின் பெயரே எங்கும் பேசப்படுவதால் இதைச் சொல்லியாக வேண்டும்.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சி மையம் உருவானது. பல நாட்டு மருத்துவர்கள் அங்கே வந்து இந்த அறுவைகளைக் கற்றுப் போனார்கள். 1966-இல் பிராண்ட் குடும்பம் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் பெயர்ந்தது. தாய் எவலின் மட்டும் மலைகளை விட்டு நகரவில்லை. முதுமையிலும் மட்டக்குதிரையில் மலை ஏறி நோயாளிகளைப் பார்த்துவந்த அவர் 1974-இல் மறைந்தார், கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மகன் பால் 2003 ஜூலை 8-இல், தம் 88-ஆம் வயதில், அமெரிக்காவின் சியாட்டிலில் காலமானார்.