இரு கல்வி கண்ட விபுலாநந்தர்

கிழக்கிலங்கையின் காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பங்குனித் திங்களிற் பிறந்த மயில்வாகனனே, பின்னாளில் விபுலாநந்த அடிகளாராய் விளங்கினார். இளமையிலே ஊரிற் பெரியோர்பாற் செந்தமிழ் கற்றார். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இருந்த கிறித்தவப் பாடசாலைகளில் ஆங்கிலம் பயின்றார்.

அக்காலத்தில் ஆங்கிலங் கற்றார் ஒரு கரையிலும் தமிழ்ப் பண்டிதர் மறுகரையிலும் நின்றனர். உத்தியோகம் முன்னவர்க்கு, ஏடு பின்னவர்க்கு. மயில்வாகனனாரோ 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகி, சில ஆண்டுகளில் இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்துச் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும், 1920 முதல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராகவும் பணியாற்றி, 1924இல் துறவு பூண்டார்.

1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியிலே, செகசிற்பியரின் (அப்பெயரையுந் தமிழாக்கியே வழங்கினார்) பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்திக் காட்டினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தல் இயலாதென்று கற்றோரே கூறிய காலத்தில், 1936ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதற் தமிழ்ப் பேராசிரியராயினார்.

எனினும், அவர்தம் இரு கல்வியும் உண்மையிற் கைகோத்தது யாழ் நூலிலேயாம். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்தன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தோர் பலர். அதிற் கூறப்பட்ட இசையைக் கேட்டவர் இலர். நரம்பின் நீளம் பாதியானாற் சுருதி இரட்டிக்கும். மூன்றில் இரண்டானாற் குரலுக்கு இளி பிறக்கும். இவ்வொலிநூற் கணக்கைப் பண்டிதர் அறியார். அறிந்த விஞ்ஞானியர் சிலம்பைத் தொடார். அடிகளார் ஏட்டையுங் கணக்கையும் அருகருகே வைத்து, ஏறக்குறையப் பதினான்கு ஆண்டு முயன்று, பழந்தமிழ் யாழ்களின் அமைப்பையும் பண்களையும் வகுத்தார். இத்துணைப் பெரும்பணியைத் தொடரத்தக்க மாணாக்கர் பரம்பரையொன்று எழாமை நமது குறையேயன்றி அவரது குறையன்று.

1947 ஆனியிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அப்பொழுதே அவருடல் நலிந்திருந்தது. அடுத்த மாதம் 19ஆந் திகதி அடிகளார் இறைவனடி சேர்ந்தார். தாம் வளர்த்த கல்லடி உப்போடைச் சிவாநந்த வித்தியாலய வளவிலே அவருக்குச் சமாதி அமைந்தது.