பனியைப் பார்த்து மழை சொன்ன ஹென்றி பிளான்ஃபோர்டு

சென்ற இதழில் தண்ணீர் லாரிக்கு ஆன செலவுக் கணக்கைப் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். நம்மில் பாதிப் பேர் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஆட்கள். என் சொந்த ஊர் விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவே உள்ள மல்லாங்கிணறு. வானம் பார்த்த பூமி என்பதற்கு விளக்கம் கேட்க வேண்டாத ஊர். வங்கியில் நான் பயிர்க்கடன் கவுன்டரில் இருந்த காலத்தில், பருத்திக்கும் மிளகாய்க்கும் மல்லிக்கும் கடன் வாங்க வருபவர்கள் வட்டி விகிதத்தை அப்புறம்தான் கேட்பார்கள். இந்த வருஷம் மழை எப்படி சார் என்பதுதான் முதல் கேள்வி. காமர்ஸ் படித்தவனுக்கு மழையைப் பற்றி என்ன தெரியும்? பேப்பரில் போட்டிருந்ததைச் சொல்வேன்.

அந்தப் பேப்பர் செய்தியை இந்த நாட்டில் தொடங்கி வைத்தவர் யார் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். அவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. வானிலைத் துறையினருக்கு நன்றாகத் தெரிந்த பெயர். அவர் மழையைக் கணித்தது மேகத்தைப் பார்த்து அல்ல, பனியைப் பார்த்து. துருவத்துப் பனி உருகுவதைப் பற்றி டிவியில் அடிக்கடி கேட்டுவிட்டு, அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் இவர் கதையைத் தெரிந்துகொள்ளலாம்.

1834-இல் லண்டனில் பிறந்தவர். நிலவியல் படித்துவிட்டு, 1855-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்து, அண்ணன் வில்லியமோடு கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்தார். அப்போது வயது இருபத்தொன்று. முதல் வேலை ஒடிசாவில் உள்ள தால்ச்சேர் நிலக்கரிப் பகுதியை ஆராய்வது. அங்கே ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. மெல்லிய களிமண் படிவத்தின் நடுவே பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் கிடந்தன. ஆறு அடித்து வந்திருந்தால் களிமண் தங்கியிருக்காது. களிமண்ணும் பாறையும் ஒன்றாக வந்து இறங்க வேண்டுமானால் அவற்றைப் பனிக்கட்டிதான் சுமந்து வந்திருக்க வேண்டும் என்று சகோதரர்களும் உடனிருந்தவர்களும் முடிவுக்கு வந்தார்கள். ஒடிசா வெயிலில் நின்றுகொண்டு இங்கே ஒரு காலத்தில் பனிப்பாறை இருந்தது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும், பாருங்கள். அவர்கள் சொன்னது சரிதான். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம் நிலப்பரப்பு தென்துருவத்துக்கு அருகே, அண்டார்டிகாவோடு ஒட்டிக் கிடந்தது என்பது பின்னாளில் தெரிந்தது.

அடுத்ததாக அவர் வந்தது நம் தமிழ்நாட்டுக்கு. திருச்சி, தென்னாற்காடு மாவட்டங்களில் பாறை பாறையாகத் தட்டிப் பார்த்து, கடல் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடந்த படிவங்களை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். அந்த அறிக்கை 1862-இல் வெளிவந்தது. இன்றைக்கும் புவியியல் மாணவர்கள் அந்த ஊர்ப் பெயர்களை வைத்துத்தான் படிக்கிறார்கள். அரியலூர் சிமெண்ட் வாங்கி வீடு கட்டியவர்கள், அந்தப் பழைய கடலடிச் சுண்ணாம்பைத்தான் சுவராக்கி வைத்திருக்கிறீர்கள்.

இன்னொரு செய்தியும் நமக்குச் சுவையானது. 1875-இல் அவர் ஒரு கட்டுரையில், இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்து இந்துமாக்கடலில் ஒரு பெருநிலம் இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். லெமூரியா என்றும் பிறகு குமரிக்கண்டம் என்றும் நாம் பள்ளியில் கேட்ட பேச்சுக்கு அடித்தளம் போட்ட எழுத்துகளில் அதுவும் ஒன்று. நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே நகர்ந்தன என்பது இன்றைய அறிவியல். நம் தமிழாசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

வெயிலில் அலைந்த அலைச்சலில் உடம்பு கெட்டது. 1862-இல் புவியியல் வேலையை விட்டுவிட்டு, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அமைதியாகப் பாடம் நடத்திக்கொண்டு இருந்திருப்பார். 1864 அக்டோபர் 5-ஆம் தேதி வந்த புயல் அவரை விடவில்லை. கடல் நீர் ஹூக்ளி ஆற்றில் மேலேறி வந்து கல்கத்தாவைச் சுற்றிலும் ஏராளமானோரைக் கொன்றது. அந்தப் புயலைப் பற்றிய முழு அறிக்கையை எழுதும் பொறுப்பு அவருக்கும் இன்னொரு அதிகாரிக்கும் வந்தது. 1867-இல் வங்காள அரசின் வானிலை அதிகாரியானார். 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே.

அவர் செய்த முதல் காரியம் கணக்கைச் சீர்படுத்தியது. அதுவரை சென்னை ஒரு வழி, வங்காளம் ஒரு வழி, வடமேற்கு மாகாணம் ஒரு வழி என்று ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு கருவியில் அளந்துகொண்டிருந்தார்கள். கிளைக்குக் கிளை வேறு வேறு லெட்ஜர் வைத்திருந்தால் தலைமை அலுவலகத்தில் எப்படி டேலி ஆகும்? பத்துப் பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்தவன் என்கிற முறையில் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். கருவிகளை ஒப்பிட்டுச் சரிசெய்து, நாடு முழுவதற்கும் ஒரே முறையில் குறிப்பெடுக்க வைத்தார்.

துறை தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தாது வருஷம் பிறந்தது. 1876-இல் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது, மறு வருஷம் வறட்சி வடக்கேயும் பரவியது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். நாடு முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். மல்லாங்கிணற்றில் என் அப்பத்தா சோற்றுப் பருக்கையைச் சிந்தினால் திட்டுவதற்கு இந்த வருஷத்தின் பெயரைத்தான் சொல்வார். அவர் அதைப் பார்த்தவர் இல்லை, அவருடைய அம்மா பார்த்தது.

தானியத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த அரசாங்கம், பஞ்சம் வந்த பிறகு, மழை பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பிளான்ஃபோர்டைக் கேட்டது. கேட்டவர்களின் யோக்கியதை வேறு விஷயம். கேள்வி நியாயமானது. ஆனால் அன்றைக்கு உலகத்தில் எந்த நாட்டிலும் ஒரு பருவத்தின் மழையை மாதக்கணக்கில் முன்னால் சொல்லும் வழக்கம் கிடையாது.

அவர் இரண்டு பக்கம் தேடினார். ஒன்று, காற்றழுத்தம். 1876 முதல் 1878 வரை இந்தியாவில் மட்டுமல்லாமல், சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரைக்கும் காற்றழுத்தம் வழக்கத்தை விடக் கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்தார். எல் நினோ என்று நாம் இப்போது சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் கால்தடம் அது. முழு உருவம் பிறகு வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது, இமயமலைப் பனி. மலை மாவட்டங்களிலிருந்து வந்த தகவல்களைத் தொகுத்தபோது, மேற்கு இமயத்தில் பனி அதிகமாகவும் வசந்தகாலம் தாண்டியும் விழுந்த வருஷங்களில், அதன் பிறகு வடமேற்கு இந்தியாவில் வறண்ட காற்று வீசி, தென்மேற்குப் பருவமழை தள்ளிப்போவதையோ குறைவதையோ கண்டார். 1884-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதை எழுதினார்.

காரணம் எளிமையானதுதான். நம் மொட்டை மாடியில் வெள்ளை அடித்த பகுதியிலும் அடிக்காத பகுதியிலும் மதியம் செருப்பில்லாமல் நின்று பாருங்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனி மூடிய மலையும் அப்படித்தான். எஞ்சி உள்ளே போகிற வெப்பமும் பனியை உருக்குவதிலும் ஈரத்தை உலர்த்துவதிலும் செலவாகிவிடுகிறது, தரை சூடாவதில்லை. கோடையில் நிலம் நன்றாகச் சூடேறினால்தான் அங்கே காற்றழுத்தம் குறைந்து, கடல் காற்றை ஈரத்தோடு உள்ளே இழுக்கும். நிலம் சூடாகத் தாமதமானால் மழையும் தாமதம்.

1882 முதல் 1885 வரை பனியை வைத்துச் சோதனையாக மழை சொல்லிப் பார்த்தார். ஓரளவு பலித்தது. 1886 ஜூன் 4-ஆம் தேதி இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சேர்த்து முறையான பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார். தப்பாகப் போனால் நாடே சிரிக்கும் என்று தெரிந்தே செய்தார். அவருக்குப் பிறகு பொறுப்பேற்ற ஜான் எலியட்டுக்கு அந்தச் சங்கடம் நேர்ந்தது. 1899-இல் நல்ல மழை என்று சொன்னார், கடும் வறட்சி வந்தது. 1904-இல் வந்த கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை, பனியை மட்டும் நம்பாமல் மொரீஷியஸ், தென் அமெரிக்கா என்று பல இடத்துக் காற்றழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் இமயப் பனியைக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு நெடுங்காலம் பனி விஷயம் ஓரமாகக் கிடந்தது. செயற்கைக்கோள் படங்கள் வந்த பிறகு, 1976-இல் ஹான் என்பவரும், உத்தரப் பிரதேசத்தின் பலியா மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்த ஜகதீஷ் சுக்லாவும் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஐரோப்பா, ஆசியா முழுவதும் குளிர்காலப் பனிப்பரப்பு கூடினால் நம் பருவமழை குறையும் போக்கு தெரிகிறது என்று காட்டினார்கள்.

இப்போது அதே கேள்வியை இன்னும் வடக்கே, ஆர்க்டிக் கடலின் மேல் மிதக்கும் பனியைப் பார்த்துக் கேட்கிறார்கள். அந்தப் பனி வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. பனி போய்க் கருங்கடல் நீர் வெளியே தெரிந்தால் நூற்றுக்குச் சுமார் ஆறு பங்குதான் திருப்பும், மிச்சம் முழுவதும் கடலைச் சூடாக்கும். சூடான கடல் இன்னும் பனியை உருக்கும். கூட்டு வட்டி மாதிரி. 1980-களில் செப்டம்பர் மாதத்தில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் மிஞ்சியிருந்த பனி, 2012-இல் 34 லட்சமாகச் சுருங்கியது. நம் நாட்டின் பரப்பை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தினர் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ரஷ்யாவுக்கு வடக்கே காரா கடலில் கோடைப் பனி குறையும்போது, செப்டம்பரில் மத்திய இந்தியாவில் பெருமழை கூடுவதற்கு வாய்ப்பிருக்கிறது என்கிறது அது. 2014-இல் நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்டில், கடலுக்கடியில் இந்தியா ஓர் அளவைக் கருவித் தொகுப்பை இறக்கியது. அதை வடிவமைத்ததில் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. வேளச்சேரியில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போய் வருகிறீர்கள்.

பிளான்ஃபோர்டு சொன்னதெல்லாம் தென்மேற்குப் பருவமழை பற்றி. நம் கரிசல் காட்டுக்கும் கண்மாய்களுக்கும் பெரும்பங்கு தருவது ஐப்பசி, கார்த்திகை மழை. அதற்கு அவர் கணக்கு நேராகப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பயிர்க்கடன் வாங்க வந்தவர்களிடம் ஜூன் மாதச் செய்தியை வைத்து ஐப்பசி மழைக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

அவர் 1889-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குத் திரும்பினார். இந்தியாவின் தட்பவெப்பத்தைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் எழுதி வைத்தார். ஓய்வூதியத்தை அதிக நாள் அனுபவிக்கவில்லை. ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் 1893 ஜனவரி 23-ஆம் தேதி, ஐம்பத்தெட்டு வயதில் காலமானார்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் நடுவில் பருவமழை அறிக்கை வெளியிடுகிறது. அடுத்த முறை வரும்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் சுருக்கத்தோடு நிறுத்தாமல், அறிக்கையை முழுதாக எடுத்துப் படித்துப் பாருங்கள். எல் நினோ பற்றிய பகுதியைத் தாண்டினால், குளிர்காலத்தில் வடக்கே பனி எவ்வளவு பரப்பில் கிடந்தது என்று சில வரிகள் அண்மை ஆண்டுகளில் இடம்பெற்று வருகின்றன.