கறியை விட்டவர் 240 மைல் நடந்தார்



சஷ்டி விரதம், பாதயாத்திரைன்னு ஆரம்பிச்சு, அப்படியே அசைவத்தை விட்டுடலாம்னு நினைக்கிறவங்க நம்மில் நிறைய பேர். பத்து நாள் போனதும் உடம்பு அசதியா இருக்கு, வேலை செய்யத் தெம்பில்லைன்னு சொல்லிட்டு பழையபடி ஆயிடறாங்க. அவங்களுக்காகத்தான் இன்று காந்தியடிகளின் வாழ்க்கையிலிருந்து சாப்பாடு சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் எழுதுகிறேன். அவர் பிறவியிலேயே சைவம், அவருக்கு என்ன கஷ்டம்னு கேட்பீங்க. அது பாதிதான் உண்மை.

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் புலால் என்ற பேச்சுக்கே இடமில்லை. பள்ளி நாட்களில் ஒரு நண்பன் அவர் மனசை மாற்றினான். கறி சாப்பிடுவதால்தான் வெள்ளைக்காரனுக்குப் பலம், நாமும் சாப்பிட்டால் அவனை விரட்டலாம் என்பது அவன் வாதம். ஆற்றங்கரையில் ஆளில்லாத இடத்தில் முதல்முறையா ஆட்டுக்கறி சாப்பிட்டார். தோல் மாதிரி இருந்ததாம், விழுங்கவே முடியலை. அன்று ராத்திரி வயிற்றுக்குள் ஆடு கத்துவது போலவே இருந்து தூக்கம் போச்சு. இருந்தும் சுமார் ஒரு வருஷ காலத்தில் ஐந்தாறு முறை சாப்பிட்டார். கடைசியில் அம்மாகிட்ட பொய் சொல்ல முடியாமல்தான் நிறுத்தினார். பெற்றோர் காலத்துக்குப் பிறகு சாப்பிட்டுக்கலாம் என்பதுதான் அப்போதைய எண்ணம்.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பும்போது மது, மாது, மாமிசம் தொடமாட்டேன் என்று ஒரு சமணத் துறவி முன்னிலையில் தாய் புத்லிபாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்தார்.

அங்கே போனதும் பட்டினிதான். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியமும் ராத்திரியும் உப்பு, மசாலா இல்லாத வேகவைத்த கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்கக் கூச்சம். தினமும் பத்து, பன்னிரண்டு மைல் நடந்து சைவச் சாப்பாட்டுக் கடை தேடினார். கிடைத்த இடத்தில் வயிறு முட்ட ரொட்டி தின்றும் பசி அடங்கலை. சத்தியத்தை விடச் சொல்லி நண்பர்கள் எவ்வளவோ வாதாடினாங்க. அவர் அசையலை.

ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்று கண்ணில் பட்டது. வாசலிலேயே புத்தகங்கள் விற்பனைக்கு இருந்தன. ஹென்றி சால்ட் சைவ உணவை ஆதரித்து எழுதிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்து வந்த பிறகு வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். புத்தகத்தை முழுசும் படித்தார். அதுவரை சத்தியத்துக்காகச் சைவமா இருந்தவர், அன்றிலிருந்து தானே விரும்பிச் சைவமானார்.

இதில் நான் கவனித்தது ஒன்று. அதுவரை எதைச் சாப்பிடக்கூடாது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. எதைச் சாப்பிடணும் என்று படிக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான். தானே சமைத்தார். ஊரிலிருந்து வந்த இனிப்பையும் மசாலாவையும் நிறுத்தினார். முன்பு தொண்டையில் இறங்காத அதே வெந்த கீரை அவருக்கு ருசிக்க ஆரம்பித்தது. தினமும் எட்டு, பத்து மைல் நடந்தார். லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவிலும் சேர்ந்தார். 1891-ல் பாரிஸ்டர் ஆனார்.

அதற்காக எல்லாம் சரியாகவே நடந்ததுன்னு சொல்ல வரலை. பசுக்களுக்குச் செய்யும் கொடுமையைக் கேள்விப்பட்டு, 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பாலையும் விட்டார். 1918-ல் கேடா மாவட்டத்தில் ஒரு நாளைக்கு இருபது மைல் வரை நடந்த காலத்தில், முக்கியமா நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சம்பழமும்தான் ஆகாரம். உடம்பு தாங்கலை. சீதபேதி வந்து பிழைப்பாரா என்ற நிலைமைக்குப் போனார். பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்றார் மருத்துவர். விரதம் எடுத்தபோது மனசில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி காட்டியவர் கஸ்தூர்பா. குடித்தார், தேறினார். ஆனாலும் விரதத்தின் உயிர் போய்விட்டதே என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பாலுக்கு ஈடான தாவர உணவைத் தேடிக்கொண்டே இருந்தார்.

1930 மார்ச் 12. சபர்மதியிலிருந்து தண்டிக்கு உப்பெடுக்கக் கிளம்பினபோது அவருக்கு வயது 60. 24 நாட்களில் சுமார் 240 மைல், கிலோமீட்டரில் 385. கூட வந்த இளைஞர்களே அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறினாங்க.

1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது ஆரோக்கியம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் பால், தானியம், கீரை, பச்சைக் காய்கறி, நெய், வெல்லம் என்று அளவோடு சொல்கிறார். பாலையே வேண்டாம் என்று விட்ட மனுஷன், அனுபவத்தில் கண்டதை மறைக்காமல் பாலையும் சேர்த்துக்கொண்டார்.

ஆகவே அன்பர்களே, கறியை விட்டுட்டு வெறும் சோறும் ரசமும், இல்லேன்னா காபியும் பிஸ்கட்டுமா ஓட்டாதீங்க. லண்டனில் ரொட்டியும் ஜாமும் தின்ற காந்தியின் கதைதான் ஆகும். கறி இருந்த இடத்தில் பருப்பு, சுண்டல், முளைகட்டின பயறு, கீரை, தயிர் வரணும். வயிறு நிறையணும். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க உங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க. தினமும் கொஞ்சம் நடங்க. ஒரு மாசம் இப்படி இருந்து பார்த்துட்டு, மாலை போடும் முன்னாடி எனக்குச் சொல்லுங்க.